மெழுகில் வார்த்த தோல்

முழங்கையில் வட்டமாக ஒரு தடிப்பு. ஓரம் சற்று மேலெழும்பியிருக்கிறது, செதில் உதிர்கிறது, அரிப்பும் இருக்கிறது. இது என்ன நோய்? படர்தாமரை என்று சொல்லத் தோன்றும். வட்டக் கரப்பானாகவும் இருக்கலாம், காளாஞ்சகப்படையின் (சொரியாசிஸ்) தொடக்கமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. படர்தாமரை பூஞ்சையால் வருவது. அதைக் கரப்பான் என்று எண்ணி ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் இரண்டு நாள் அரிப்பு அடங்கும். பூஞ்சையோ அடியில் செழித்துப் பரவும், பிறகு மருத்துவரே அடையாளம் காணத் திணறும் அளவுக்கு உருமாறி நிற்கும். இந்தியாவெங்கும் தோல் மருத்துவர்கள் இன்று மிகுந்த கவலையோடு பேசும் விஷயங்களில் இது ஒன்று.

செதில் வெள்ளிபோல மின்னுகிறதா, எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சளாக இருக்கிறதா? ஓரம் கோடு கிழித்ததுபோல முடிகிறதா, சுற்றியுள்ள தோலில் கரைந்து போகிறதா? நடுப்பகுதி ஆறி, நோய் வெளிப்பக்கமாக நகர்கிறதா? இந்த வேறுபாடுகளைப் பலமுறை கண்ணால் பார்த்துப் பழகியவர் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். பார்த்தே இராதவருக்குப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தாலும் விளங்காது. மருத்துவத்தின் மற்றப் பிரிவுகளில் நோய் உள்ளே ஒளிந்திருக்கும். தோலிலோ நோய் வெளிச்சத்தில் கிடக்கிறது. ஆகவே தோல் மருத்துவம் கற்பது என்பது முதலில் கண்ணைப் பழக்குவது. பார்க்கவேண்டிய நோயாளி பக்கத்தில் இல்லாதபோது கண்ணை எப்படிப் பழக்குவது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகம் நம்பியிருந்த விடை, மெழுகு.

மெழுகுக்கு வருமுன் நம் மண்ணைப் பார்ப்போம். கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக்குத் தோல் நோய் பற்றிய நினைவு பழையது. நாகர்கோவில் நாகராஜா கோயிலின் தலவரலாற்றில், களக்காட்டிலிருந்து வந்த மன்னர் ஒருவருக்குச் சரும நோய் தீர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. இன்றைக்கும் தேமல், படை, சிரங்கு என்று வருபவர்கள் அங்கே வேண்டிக்கொள்கிறார்கள். கருவறை மண்ணே பிரசாதம். அக்கி கண்டால் மண்பாண்டம் வனைபவர் வீட்டுக்குப் போய்க் காவிமண்ணைக் குழைத்து அக்கி எழுதி வரும் வழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருந்தது. சித்த மருத்துவம் குட்டத்தையே பதினெட்டு வகையாகப் பிரித்தது. பதினெட்டாகப் பிரிக்கவேண்டுமானால் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்த கண்கள் இருந்திருக்க வேண்டும். அந்தப் பார்வை ஆசானிடமிருந்து மாணவனுக்கு, நோயாளியின் அருகில் வைத்தே கைமாறியது. ஆசான் இல்லையென்றால் அது தொடர வழியில்லை.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதே நிலைதான். இலண்டனில் ராபர்ட் வில்லன் 1808-ல் வெளியிட்ட நூலில் தோல் நோய்களை அவற்றின் அடிப்படை வடிவத்தைக் கொண்டு எட்டு வரிசைகளாகப் பிரித்தார். பரு, செதில், தடிப்பு, நீர்க்கொப்புளம், சீழ்க்கொப்புளம் என்று அவர் போட்ட அந்த அடித்தளத்தின் மேல்தான் இன்றைய பாடநூல்களும் நிற்கின்றன. பாரிசில் ஜான் லூயி அலிபெர் 1801 முதல் செயின்ட் லூயி மருத்துவமனையில் பாடம் நடத்தினார். நோய்களையெல்லாம் கிளையும் கொப்புமாக ஒரு மரமாகவே வரைந்து காட்டினார். இருவரும் ஓவியர்களை வைத்து அழகான வண்ணப்படங்கள் போட்டார்கள். ஆனால் படம் தட்டையானது. ஒரு கட்டி எவ்வளவு புடைத்திருக்கிறது, ஒரு புண் எவ்வளவு குழிந்திருக்கிறது என்பதைத் தாள் காட்டாது. கறுப்பு வெள்ளைப் புகைப்படம் வந்தபோது வடிவம் கிடைத்தது, நிறம் போயிற்று. தோல் நோயில் நிறம் போனால் பாதி நோயே போனதுபோல.

செயின்ட் லூயி மருத்துவமனை 1607-ல் கொள்ளைநோய்க் காலத்தை அடுத்துக் கட்டப்பட்டது. 1860-களில் அங்கே பணியாற்றிய சார்ல் லாயே என்ற மருத்துவர், பாரிசின் ஜூஃப்ருவா கடைத்தெருவில் ஒரு கடையைக் கண்டார். ஜூல் பாரெத்தா என்ற கைவினைஞர் காகிதக் கூழில் பழங்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். அசல் எது, போலி எது என்று பிரித்தறிய முடியாத பழங்கள். பழத்தின் தோலை இப்படிச் செய்யும் கைக்கு மனிதத் தோலும் வசப்படும் என்று லாயேவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் பாரெத்தாவை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். 1867-ல் பாரெத்தாவின் முதல் மெழுகு உருவம் அங்கே இடம்பெற்றது. பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் அந்த வேலையை விடவில்லை. 1889-ல் பாரிசில் முதல் உலகத் தோல் மருத்துவ மாநாடு கூடியபோது இந்த உருவங்களுக்கென்றே கட்டிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அங்கே 4,800-க்கும் மேற்பட்ட உருவங்கள் கண்ணாடி அலமாரிகளில் வரிசை வரிசையாக இருக்கின்றன. உயிருள்ள உடலில் நேரடியாக அச்செடுத்து வார்த்த இவற்றைப் பிரெஞ்சில் ‘மூலாஜ்’ என்பார்கள்.

பாரெத்தாவுக்கு முன்பே இலண்டனில் ஒருவர் இருந்தார். கய்ஸ் மருத்துவமனையில் ஜோசப் டவுன் 1826 முதல் 1879 வரை, 53 ஆண்டுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெழுகு உருவங்களைச் செய்தார். அவற்றில் பாதிக்கு மேல் தோல் நோய்கள். இந்தியா, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளுக்கும் அவருடைய உருவங்கள் சென்றன. தம் செய்முறையை அவர் யாருக்கும் சொல்லவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டே வேலை செய்தார், இரகசியத்தோடே இறந்தும் போனார். வியன்னாவின் கார்ல் ஹென்னிங் முதலிய பலரும் தங்கள் மெழுகுக் கலவையின் அளவைக் குடும்பச் சொத்தாகவே காத்தார்கள். அறிவியலில் ஒளித்து வைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை என்பது என் எண்ணம். கலவை தெரியாததால் உடைந்த உருவங்களைப் பழுதுபார்ப்பவர்கள் இன்றும் அவதிப்படுகிறார்கள்.

செய்முறையின் பொதுவான வழி தெரியும். முதலில் நோயாளியின் தோலில் மெல்ல எண்ணெய் பூசுவார்கள். முடி இருந்தால் ஒட்டாதபடி படிய வைப்பார்கள். பிறகு பாரிஸ் சாந்தைக் கூழாகக் கரைத்து, நோயுற்ற இடத்தின் மேல் மெல்லிய படலமாக வார்ப்பார்கள். பாரிஸ் சாந்து இறுகும்போது சூடாகும். புண்பட்ட தோலுக்கு அந்தச் சூடு வேதனை. ஆகவே இறுகியும் இறுகாமலும் இருக்கும் சரியான கணத்தில் அதைக் கழற்றவேண்டும். முகமாக இருந்தால் மூச்சுக்கு மூக்கை விட்டுவிட்டு மற்ற இடத்தை மூடுவார்கள். கழற்றிய சாந்தில் நோயின் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் பதிந்திருக்கும். வியர்வைத் துளையும் ரேகையும்கூட அதில் விழும்.

அடுத்துத்தான் மெழுகு. தேன்மெழுகோடு குங்கிலிய வகைப் பிசினும் வெள்ளைப் பொடியும் நிறமும் சேர்த்து உருக்குவார்கள். பிசின் இறுக்கம் தரும், வெள்ளைப் பொடி ஒளி ஊடுருவலைக் கொஞ்சம் குறைக்கும். அந்த நோயாளியின் நோயில்லாத தோல் என்ன நிறமோ அதற்குத் தக்கபடி முதல் வார்ப்பு. சூடு கூடினால் குமிழி விழும், குறைந்தால் நுண்ணிய ரேகைகள் பதியாது. பிறகு அடுத்த அடுக்கு, அதன் பின்னால் துணி வைத்து உரம் சேர்ப்பது. அச்சிலிருந்து பிரித்தெடுத்த உருவத்தை நோயாளியின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தோலையும் மெழுகையும் மாறி மாறிப் பார்த்து வண்ணம் தீட்டவேண்டும். நோய் காத்திருக்காது, இன்று சிவந்திருக்கும் தடிப்பு நாளை மறுநாள் பழுப்பாகிவிடும். நீர்க்கொப்புளத்துக்குத் தெளிந்த பிசின் துளி. இமைமுடி, புருவமுடி, மீசை ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஊசியால் நடுவது. கடைசியாகக் கறுப்புப் பலகையில் பொருத்தி, சுற்றிலும் வெள்ளைத் துணியை மடித்து ஒட்டி, நோயின் பெயர், மருத்துவரின் பெயர், ஆண்டு எல்லாம் எழுதுவார்கள்.

இதற்கு மெழுகுதான் வேண்டும் என்பதற்கு இயற்பியல் காரணம் உண்டு. தோலின் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. மீதி உள்ளே புகுந்து, நார்களில் மோதிச் சிதறி, இரத்தத்தைத் தொட்டு, மேலடுக்கின் மெலனினைக் கடந்து வெளியே வருகிறது. நாம் தோலின் நிறம் என்று சொல்வது இந்தப் பயணத்தில் மிஞ்சி வந்த வெளிச்சம். மரத்துக்கோ மண்ணுக்கோ வண்ணம் பூசினால் வெளிச்சம் மேலேயே நின்றுவிடும். ஆகவே அது பொம்மையாகத் தெரியும். மெழுகில் வெளிச்சம் தோலைப் போலவே உள்ளே இறங்கிச் சிதறித் திரும்புகிறது. அந்தக் கைவினைஞர்கள் இதைச் சூத்திரமாக எழுதாமலே கண்டுகொண்டார்கள். ஆழத்தில் இருக்கும் பழுப்பு நிறம் மேலே நீலமாகத் தோன்றும். நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் இடுப்புக்குக் கீழே தெரியும் நீலத் திட்டு அப்படிப்பட்டதே. அங்கே இருப்பது பழுப்பு மெலனின்தான். ஆனால் ஆழத்தில் இருப்பதால் சிவப்பு ஒளி உள்ளேயே உறிஞ்சப்பட, நீல ஒளி மட்டும் சிதறி மேலே வருகிறது. மெழுகிலும் நிறத்தை அடியடுக்கில் வைத்தால் இதே விளைவு கிடைக்கும். நிறத்தை எந்த அடுக்கில் வைப்பது என்பதில்தான் தேர்ந்த கையின் திறமை இருந்தது.

தேன்மெழுகு என்றால் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மார்த்தாண்டம் நினைவுக்கு வரும். 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டத்தில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையம் பெட்டியில் தேனீ வளர்ப்பைப் பரப்பியது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீட்டு வளாகங்களில் இன்றும் தேன்பெட்டிகளைக் காணலாம். தை, மாசியில் ரப்பர் மரம் துளிர்க்கும்போது இலைக்காம்பின் முனையில் சுரக்கும் இனிப்பைத்தான் இங்குள்ள தேனீக்கள் பெரிதும் சேர்க்கின்றன. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1991, 1992 ஆண்டுகளில் பரவிய ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியாவின் தேனீக் கூட்டங்களை ஏறக்குறைய அழித்தே விட்டது. பாடுபட்டுத் தேனீ வளர்ப்பை மீட்டெடுத்தவர்கள் இந்தப் பகுதி விவசாயிகள்.

கூட்டில் இரண்டு வாரம் வயதான வேலைக்காரத் தேனீயின் வயிற்றடியில் நான்கு ஜோடிச் சுரப்பிகள் மெழுகைச் சிறு செதில்களாகச் சுரக்கும். ஒரு செதில் ஏறத்தாழ 1 மில்லிகிராம். அப்படியானால் 1 கிலோ மெழுகுக்கு ஏறத்தாழ 10 லட்சம் செதில்கள். அது உருகுவது 62 முதல் 65 டிகிரி செல்சியசில். ஆனால் அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். பாரிசின் குளிரில் நூற்றாண்டு தாங்கிய உருவத்தை நாகர்கோவில் சித்திரை வெயிலிலும் கடற்காற்றிலும் குளிர்சாதனம் இல்லாமல் வைத்தால், சிறுகச் சிறுகத் தொய்ந்து, தூசி ஒட்டி முகம் மங்கும். நம்மிடம் மெழுகு இருந்தது, மெழுகால் அச்செடுத்து ஐம்பொன் வார்க்கும் மரபும் தமிழ்நாட்டில் இருந்தது. மெழுகு மருத்துவ அருங்காட்சியகம் மட்டும் வேரூன்றவில்லை. அதற்கு வெப்பமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

வேளாங்கண்ணியிலும் நம் ஊர் மாதா கோயில்களிலும் குணமான கை, கால், கண்ணின் உருவத்தை நேர்ச்சையாக வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவின் மெழுகுக் கலையும் இப்படிப்பட்ட நேர்ச்சைகளில் வளர்ந்ததே. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துத் தேவாலயங்களில் மெழுகு நேர்ச்சை செய்துவந்த மரபின் தொடர்ச்சியாகத்தான் 1775-ல் அதே நகரில் திறந்த லா ஸ்பெகோலா அருங்காட்சியகத்தில் உடற்கூறு மெழுகு உருவங்கள் எழுந்தன. நேர்ச்சை உருவம் நோய் தீர்ந்ததற்குச் சாட்சி. மருத்துவமனை உருவமோ நோய் உச்சத்தில் இருந்ததற்குச் சாட்சி.

பாரிசுக்குப் பிறகு இந்தக் கலை வேகமாகப் பரவியது. வியன்னா, பிரெஸ்லாவ், பெர்லின், டிரெஸ்டன், சூரிச், ஏதென்ஸ் எல்லா இடத்திலும் தொகுப்புகள் எழுந்தன. ஜப்பானின் தோஹி கெய்சோ வியன்னாவில் ஹென்னிங்கிடம் கற்று, அதைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோனார். ஓர் ஆசிய நாடு தன் மக்களின் தோலிலேயே அச்செடுத்துத் தன் மருத்துவர்களுக்குக் கற்பித்தது என்ற அளவில் ஜப்பானியத் தொகுப்பு எனக்குத் தனி மதிப்புடையதாகத் தெரிகிறது.

பலகையில் மருத்துவரின் பெயர் இருக்கிறது, பாரெத்தாவின் கையெழுத்தும் இருக்கிறது. நோயாளியின் பெயர் இல்லை. அவர்கள் பெரும்பாலும் ஏழைகள்: தெருவில் வாழ்ந்த பெண்கள், தொழிற்சாலைக் கூலிகள், தாயிடமிருந்து மேகநோயை (சிஃபிலிஸ்) பெற்றுப் பிறந்த குழந்தைகள். இலவச மருத்துவத்துக்குக் கைம்மாறாக அவர்கள் உடலைக் காட்டினார்கள். சம்மதம் கேட்கப்பட்டதா என்றால், இன்று நாம் சொல்லும் பொருளில் இல்லை. புண்ணின் மேல் சாந்து வார்த்தபோது அந்தக் குழந்தை அழுதிருக்கும். அந்த அழுகையின் விலையில்தான் தோல் மருத்துவம் கற்றுக்கொள்ளப்பட்டது. அந்த அலமாரிகளின் முன் நிற்பவர்கள் நோயின் பெயரைப் படிப்பதற்கு முன் அந்த முகத்தை ஒரு கணம் மனிதராகப் பார்க்கவேண்டும்.

நமக்கு இதைவிட நெருக்கமான ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய அலமாரிகளில் இருப்பது பெரும்பாலும் வெளிறிய தோல். பாடநூல்கள் ‘சிவந்த தடிப்பு’ என்று எழுதியதும் அந்தத் தோலைப் பார்த்துத்தான். அழற்சி ஏற்பட்டால் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்தம் கூடும். இது எல்லா மனிதருக்கும் பொது. ஆனால் மேலடுக்கில் மெலனின் மிகுந்திருந்தால் அந்தச் சிவப்பு நம் கண்ணை வந்து சேர்வதற்குள் பெரும்பகுதி மறைந்துவிடும். நம் தோலில் அது ஊதாவாக, கருஞ்சாம்பலாக, சில நேரம் வெறும் கருமையாகத் தெரியும். பாடநூலில் சிவப்பைத் தேடப் பழகிய கண் அதைத் தவறவிடும். தாமஸ் அடிசன் 1855-ல் விவரித்த நோயில் தோல் வெண்கல நிறமாகும் என்பார்கள். இயல்பாகவே வெண்கல நிறமுள்ள ஒரு விளவங்கோட்டுக்காரரிடம் அதை எப்படிக் காண்பது? உள்ளங்கை ரேகைகளிலும் ஈறுகளிலும் புதிதாகக் கருமை ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

தொழுநோயில் இந்த வேறுபாடு ஒரு வாழ்க்கையையே மாற்றும். வெளிறிய தோலில் தொழுநோய்த் திட்டு செம்பு நிறமாக, சிவப்பாகத் தெரியக்கூடும். நம் தோலிலோ அது பெரும்பாலும் வெளிறிய தேமலாகத் தொடங்கும். நம் மாவட்டத்து நெய்யூரில் 1838-ல் ஆர்ச்சிபால்ட் ராம்சே இலண்டன் மிஷன் சார்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860-களில் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு அங்கே மருத்துவம் கற்றுக்கொடுத்தார். அன்றைய ஆங்கில மருத்துவ நூல்களின் படங்களில் இருந்தது ஆங்கிலேயரின் தோல். நெய்யூர் மாணவரின் முன்னால் திண்ணையில் வந்து உட்கார்ந்ததோ பனையேறியின் தோல், வயலில் களை பறித்த பெண்ணின் தோல். படத்தை ஒதுக்கிவிட்டு ஆளைப் பார்த்துக் கற்கவேண்டிய நிலை அவர்களுக்கு இருந்தது. 1920-களில் எவரெஸ்ட் மலையேற்றத்துக்குப் பின் நெய்யூருக்கு வந்து கால் நூற்றாண்டு அறுவை சிகிச்சை செய்த ஹோவர்டு சோமர்வெல் நல்ல ஓவியரும்கூட. மலையையும் பனியையும் நுட்பமான நிறவேறுபாட்டோடு தீட்டிய அந்தக் கண், நெய்யூர் வெளிநோயாளர் கூட்டத்தில் என்னென்ன நிறங்களைக் கண்டிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

தொழுநோயில் மெழுகால் எந்த நாளும் காட்டமுடியாத ஒன்றும் இருக்கிறது. வெளிறிய திட்டை எத்தனை அழகாக வார்த்தாலும், அந்தத் திட்டுக்குத் தொடு உணர்ச்சி இல்லை என்பதை மெழுகு சொல்லாது. மெழுகுக்கு எங்குமே உணர்ச்சி இல்லையே. மருத்துவர் பஞ்சை மெல்லிய திரியாக முறுக்கி, நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலிலும் திட்டிலும் மாறி மாறித் தொட்டு, ‘தொட்ட இடத்தைக் காட்டுங்கள்’ என்பார். திட்டில் தொடும்போது விரல் எழாது. முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்ப்பார். தேமலுக்கும் தொழுநோய்க்கும் உள்ள வேறுபாடு இப்படிக் கையில்தான் பிடிபடும். கொல்லிமலையில் பிறந்து வேலூரில் பணியாற்றிய பால் பிராண்டு, தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன என்று உலகுக்கு நிறுவினார். அருங்காட்சியகத்து மெழுகுக் கையில் குறைந்த விரலைப் பார்க்கும் மாணவருக்கு இந்தக் காரணம் தெரியாது. தோலை அழுத்தினால் சிவப்பு மறைகிறதா, அரிக்கிறதா, நேற்று எப்படி இருந்தது என்பதெல்லாமும் மெழுகுக்கு அப்பாற்பட்டவை.

மெழுகின் காலம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் முடிந்தது. 1935-ல் வந்த கோடாக்ரோம் வண்ணப்படச் சுருளும் அதற்குப் பின் வந்தவையும் மலிவாக, விரைவாக நோயைப் பதித்தன. 1943-ல் பென்சிலின் மேகநோயைத் தீர்க்கும் என்று தெரிந்தபின், அலமாரிகளில் பெரும்பங்கு வகித்த அந்த நோயின் முற்றிய வடிவங்களே வார்டுகளில் அரிதாயின. பாரிசில் 1950-களின் இறுதியில் வார்ப்பு நின்றது. போரில் எரிந்தவை போக, பல ஊர்களில் இடநெருக்கடியால் உருவங்களைக் குப்பையில் கொட்டினார்கள். சூரிச்சில் எல்ஸ்பெத் ஸ்டாய்பர் போன்ற சிலர் பிடிவாதமாகக் காத்ததால்தான் சில தொகுப்புகள் இன்று மிஞ்சியிருக்கின்றன. மிஞ்சிய அவற்றின் பயனுக்குப் பெரியம்மை ஓர் எடுத்துக்காட்டு. திருவிதாங்கூரில் ராணி கௌரி லட்சுமிபாய் 1813-லேயே அம்மைப்பால் குத்தும் முறைக்கு வழிவிட்டார்; 1980-ல் பெரியம்மை உலகைவிட்டு நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. இன்றைய மாணவர் யாரும் பெரியம்மையை நேரில் கண்டதில்லை. அது திரும்பி வந்தால் எப்படி இருக்கும் என்பதை முழு அளவில், முழு நிறத்தில், முப்பரிமாணத்தில் காட்ட இந்த மெழுகு உருவங்களைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

வெளிறிய தோலையே பார்த்துப் பழகும் சிக்கல் புகைப்படத்தோடும் தீரவில்லை, கணினியோடும் தீரவில்லை. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு லட்சத்து 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோல் படங்களைக் கொடுத்துக் கணினிக்கு நோய் கண்டறியப் பயிற்சி தந்தார்கள். இப்படிப்பட்ட படத்தொகுப்புகளில் கருந்தோல் குறைவு என்பது பலமுறை சுட்டிக்காட்டப்பட்ட குறை. இலண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-ல் கருந்தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடே வெளியிட்டார். எந்தத் தோலைப் பார்த்துப் பழகுகிறதோ அந்தத் தோலுக்குத்தான் கண்ணும் கணினியும் உதவும்.

ஆகவே நம் மாவட்டத்துக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. முந்திரித் தொழிற்சாலைகளில் கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைப் பாருங்கள். கொட்டையின் ஓட்டில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலைப் பொசுக்கிக் கறுக்க வைக்கின்றன. சாம்பலைத் தொட்டுக்கொண்டும் எண்ணெய் பூசிக்கொண்டும் சமாளிக்கிறார்கள். பனையேறியின் நெஞ்சிலும் பாதத்திலும் ஏறிய காய்ப்பு, நடவு வயலில் நின்று விரலிடுக்கில் வந்த சேற்றுப்புண், நம் நிறத்தில் படர்தாமரை, நம் நிறத்தில் காளாஞ்சகப்படை ஆகியவை பாரிஸ், இலண்டன் அலமாரிகளில் கிடைப்பது அரிது. பனையேறிகள் குறைந்துவருகிறார்கள், அவர்கள் தோல் சொல்லும் செய்தியும் அவர்களோடு போய்விடும். ஆசாரிபள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இன்று சிலிக்கான் இருக்கிறது, முப்பரிமாண ஒளிப்பதிவும் இருக்கிறது. புண்ணின் மேல் சாந்து பூசி யாரையும் வருத்தவேண்டியதில்லை. நோயாளியின் சம்மதத்தைக் கேட்டுப் பெற்று, முகத்தை மறைத்து, தொழிலையும் ஊரையும் குறித்து, நாஞ்சில் நாட்டுத் தோலின் ஒரு தொகுப்பை அங்கே உருவாக்கவேண்டும். அதைப் பார்த்துப் பழகிய மாணவர், குலசேகரத்திலோ குளச்சலிலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரும் முதல் நாளிலேயே சரியாகப் பார்ப்பார்.

இந்தியாவில் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. உங்கள் உடலிலோ வீட்டாரின் உடலிலோ வெளிறிய திட்டு இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டுப் பாருங்கள். தொட்டது தெரியவில்லை என்றால் கூச்சப்படாமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கூட்டு மருந்து சிகிச்சை அங்கே முற்றிலும் இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் நோய் முழுமையாகக் குணமாகும்.